நீ எழுதாமல் விட்ட கையெழுத்து

மகன்,

வவுனியாவில் ரயில் நின்ற நேரம் நீ எடுத்த போனுக்கு நான் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. "அம்மா, நான் அப்பாவுக்குச் செய்தது பிழையோ?" என்று கேட்டாய். பின்னால் யாரோ வடை விற்கிற சத்தம். நான் "கவனமாய்ப் போ ராசா, யன்னலுக்கு வெளியால கையை விடாதை" என்று சொல்லி வைத்துவிட்டேன். வருகிற தையில் கலியாணம் செய்யப்போகிற பிள்ளைக்குச் சொல்லுகிற பதிலா அது? எனக்கு அந்த நேரம் பதில் தெரியாது, அதுதான் உண்மை. அதோடு உன்மேல் கோபமாகவும் இருந்தேன். கோயில் பெருநாளன்று, எங்கள் கரம்பொன் ஊர் முழுக்கக் கூடி நிற்க, செத்துப்போன தகப்பனின் கையெழுத்தின்மேல் எழுதமாட்டேன் என்று பேனையை மூடி வைத்தவனின் தாய் நான். பூசை முடிந்து வெளியே வந்தால் என் முகத்தைப் பார்க்காமல் என் செருப்பைப் பார்த்துக் கதைக்கிறார்கள். இப்போது பதில் தெரியும். போனில் சொன்னால் நீ பாதியிலேயே "ஓம் ஓம்" என்று வெட்டிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். இதை வேறு பிள்ளைகள், வேறு தாய்மார் வாசித்தாலும் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. இருந்து ஆறுதலாக வாசி.

உன்னுடைய இந்தக் கையெழுத்துப் பித்தை நான் எத்தனை தடவை பகிடி பண்ணியிருப்பேன்! "கண்டறியாத கையெழுத்து" என்று திட்டியும் இருக்கிறேன். ஆனால் அது தொடங்கிய நாளை நினைத்தால் எனக்கு இப்பவும் பெருமையாகத்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு ஒரு பெரிய கிரிக்கெட் துடுப்பாட்டக்காரர் வந்தார் என்று அப்பாவை நச்சரித்துக் கூட்டிக்கொண்டு போனாய். வெயிலில் நின்று நின்று கடைசியில் முன்னுக்குப் போனால், கூட வந்த ஒருவர் முதலே கையெழுத்துப் போட்ட அட்டைகளை ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாராம். மற்றப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு ஓட, நீ மட்டும் அதைத் திருப்பிக் கொடுத்து, "இதை அவர் எழுதினதை நான் பாக்கேல்லை" என்றாயாம். அவருக்குத் தமிழ் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற வாத்தியார் சிரித்துக்கொண்டே மொழிபெயர்க்க, அங்கே கதிரையில் இருந்த அந்தப் பெரிய மனிதரே கையைக் காட்டி உன்னைக் கூப்பிட்டு, நீ பார்த்துக்கொண்டு நிற்க உன் கணிதக் கொப்பியின் மட்டையில் எழுதித் தந்தார். வீட்டுக்கு வந்து அப்பா சொன்னது நினைவிருக்கிறதா? "உவன் கடலுக்குச் சரிவரமாட்டான், பொலிசுக்குத்தான் சரி" என்றார். சொல்லும்போது வாயெல்லாம் சிரிப்பு. அன்றிரவு அந்தக் கொப்பியை நீ தலையணைக்குக் கீழே வைத்தாய், அவர் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

பிறகு வளர்ந்து கொழும்பில் வேலை எடுத்து, சம்பளத்தில் பாதியை இதற்கே விட்டாய் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. உன் அறைக்கு வந்து பார்த்த அன்றைக்குத்தான் கொஞ்சம் ஆறினேன். பந்துகள், மட்டைகள், சட்டைகள். எங்கள் தீவுப் பெண்பிள்ளைகள் கரப்பந்தாட்டத்தில் வென்றபோது எல்லாரும் எழுதிய பந்தும் பெரிய பெரிய ஆட்களின் பொருட்களோடு ஒரே தட்டில் இருந்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் சின்ன எழுத்தில் ஒட்டியிருந்தாய். சிலதில் "நான் நிற்க எழுதியது." சிலதில் "எழுதியதை நான் பார்க்கவில்லை." யாரும் கேட்காமலே உனக்கு நீயே சாட்சி சொல்லி வைத்திருந்தாய். அப்பா ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மீன் வாங்க வாறவன் செவுளைத் தூக்கிப் பாக்கிற மாதிரியெல்லோ பாத்திருக்கிறாய்" என்றார். அவருடைய வாயிலிருந்து அதைவிடப் பெரிய புகழ்ச்சி வந்ததை நான் கேட்டதில்லை.

லண்டன் மாமாவின் மட்டைக் கதையை மட்டும் நான் ஊரில் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன், இப்போது சொன்னால் என்ன? கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு, விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் என் தம்பி. உனக்கென்று. நீ அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாய், முகம் மாறியது. நான் பின்னால் நின்று "வாயை மூடு, வாயை மூடு" என்று கண்ணால் சொல்லிக்கொண்டிருந்தேன். நீயோ வெட்டொன்று துண்டிரண்டு.

"மாமா, இது கையால எழுதினதில்லை. அச்சு."

"டேய், சான்றிதழ் கிடக்கடா பின்னால!"

"சான்றிதழில இருக்கிறதும் அச்சுத்தான் மாமா."

பாவம், அவன் முகம் சுருங்கிப்போனது. நான் உன்னை அடுப்படிக்குள் இழுத்துவந்து கிள்ளினேன். ஆனால் நீ திரும்பிப்போய் அந்த மட்டையை உன் தட்டின் நடுவில் வைத்து, பின்னால் எழுதினாய்: "கையெழுத்து அச்சு. மாமா மடியில் வைத்துக் கொண்டுவந்தது." அதை வாசித்துவிட்டுத்தான் அவன் சிரித்தான். பிறகு உன் கூட்டாளி ஒருவன் அதை உண்மையானது என்று நினைத்து, தன்னிடம் இருந்த ஒரு நல்ல பந்துக்கு மாற்றக் கேட்டபோது, நீ சட்டத்தைத் திருப்பிக் காட்டினாயாம். நானாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு மாற்றியிருப்பேன் மகன், பொய் சொல்லமாட்டேன். இந்தக் குணம் உனக்கு என் பக்கத்திலிருந்து வரவில்லை.

இனி அப்பா கையெழுத்து வைத்த அந்தப் பந்தின் கதை. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லவேண்டும், ஏனென்றால் நீ ஒரு பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறாய். எங்கள் ஊர் அணி நெடுந்தீவு அணியை வென்ற உதைபந்தாட்டப் பந்து. அப்பா கோல் காத்தார், பேதுரு அண்ணை கப்டன். வென்ற பிள்ளைகள் எல்லாரும் அன்றைக்கே அதில் கையெழுத்து வைத்தார்கள். சண்டைக்குள் இடம்பெயர்ந்து ஓடியபோது பேதுரு அண்ணை வீட்டுச் சாமான் ஒன்றையும் எடுக்காமல், அந்தப் பந்தின் காற்றைப் பிடுங்கி மடித்து, சாரத்துக்குள் கட்டிக்கொண்டு வள்ளம் ஏறினார். அவருடைய மனுசி அதற்கு அவரை ஆயுள் முழுக்கத் திட்டினாள். கடல் தண்ணீர் பட்டு மையெல்லாம் ஊறிப்போனது. ஊருக்குத் திரும்பி முதல் பெருநாள் வந்தபோது வள்ளங்களைக் கரையில் இழுத்து வைத்து எல்லாரும் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார்கள். உனக்குத் தெரியும், பாதர் வந்து வள்ளங்களை ஆசீர்வதிக்கிற நாளில் எங்கள் கரையில் ஒரு வள்ளத்தின் பெயரும் மங்கிக் கிடக்கக்கூடாது. பழைய எழுத்தின்மேலேயே வீட்டுக்காரர் தங்கள் கையால் திரும்ப எழுதுவார்கள். மங்கிக் கிடந்தால் "உந்த வள்ளத்துக்கு ஆக்களில்லையோ?" என்று கேட்டுவிடுவார்கள். அதைவிடக் கேவலம் வேறில்லை. பேதுரு அண்ணை அன்றைக்குத்தான், "பந்திலயும் பேர் எழுதுவம்" என்று அதை வெளியே எடுத்தார். அந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு பெருநாளுக்கும் அவரவர் வந்து தங்கள் கையெழுத்தின்மேல் எழுதினார்கள். வெளிநாடு போனவனுக்குத் தம்பி எழுதினான். செத்தவனுக்குப் பெண்சாதியோ பிள்ளையோ எழுதினார்கள். இப்படித்தான் அது எங்களுக்கு வழக்கமாகியது.

நீ லீவில் வந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தாய். தகப்பனும் மகனும் பிடித்த சண்டை எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. "அப்பா, இதில ஒண்டும் கையெழுத்தில்லை. எல்லாம் வள்ளத்து எழுத்து மாதிரித் தடிச்சுப்போய்க் கிடக்கு. ஆர் எழுதினதெண்டே தெரியேல்லை" என்றாய். தன் வள்ளத்துக்கு என் பெயரை வைத்திருந்தவருக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

"அப்ப என்ர வள்ளத்தில கிடக்கிற கொம்மான்ர பேரும் பொய்யோ?"

"அது பேர் அப்பா. பேரை ஆரும் எழுதலாம். கையெழுத்தை அந்த ஆள் மட்டும்தான் எழுதலாம்."

"பெரிய நீதவான் வந்திட்டார்! சோத்தைப் போடப்பா இவருக்கு" என்று என் பக்கம் திரும்பினார்.

அன்று அவர் உன்னோடு சாப்பிடவில்லை. ஆனால் நீ கிணற்றடிக்குப் போனதும் என்னிடம் வந்து மெதுவாக, "அவன் சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கப்பா. அவனிட்டச் சொல்லிப்போடாதையும்" என்றார். நான் சொல்லவில்லை. அவர் போனபிறகு இப்போதுதான் சொல்லுகிறேன். நீ புறப்படுகிற நேரம், "அப்பா, எனக்கொரு கையெழுத்துப் போட்டுத் தாங்கோ, என்ர தட்டில வைக்க" என்று ஒரு புதுப் பந்தை நீட்டினாயே, அதற்கு அவர், "நான் என்ன பெரிய ஆளே? விசர்க்கதை கதையாதை. என்ரை பந்தில கிடக்கு, வேணுமெண்டாப் போய்ப் பார்" என்றார். வெட்கம் மகன், வேறொன்றுமில்லை. பெரிய பெரிய ஆட்களின் பக்கத்தில் தன் பெயரை வைக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. அந்தப் புதுப் பந்தை நீ என்னிடமே விட்டுவிட்டுப் போனாய். உனக்கு அவருடைய கையெழுத்து ஒன்றும் கிடைக்கவில்லை.

பிறகு பாரிசவாதம் வந்து அவருடைய வலது பக்கம் விழுந்தது. போன பெருநாளுக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை. அவரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போய்த்தான் இருத்தினோம். தானே எழுதினார். மழைக்காலம் முடிய முதல் எங்களை விட்டுப் போனார். ஆகவே இந்த முறை உன் முறை. பேதுரு அண்ணை உனக்குப் போன் எடுத்துக் கூப்பிட்டபோது நீ ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. நீ எழுதுவாய் என்றுதான் நானும் நினைத்தேன். தகப்பனோடு பிடித்த சண்டையைத் தகப்பன் இல்லாத இடத்தில் ஏன் பிடிக்கப்போகிறான் என்று நினைத்தேன்.

பூசை முடிந்து மண்டபத்து வாசலில் பந்தை வெள்ளைத்துணி விரித்த மேசையில் வைத்தார்கள். நான் பெண்களோடு பின்னால் நின்றேன், எனக்கு உன் முதுகுதான் தெரிந்தது. பேதுரு அண்ணை ஒரு கையில் மாக்கரும் ஒரு கையில் மை அழிக்கிற தின்னர் நனைத்த துணியும் வைத்துக்கொண்டு, "தம்பி, போனமுறை கொப்பர் ஏலாத கையால எழுதினது, கோணி இழுபட்டுக் கிடக்கு. இந்த இழுப்பைத் துடைச்சுப்போட்டு வடிவா எழுதிவிடு" என்றார். நீ மாக்கரை வாங்கித் திறந்துகொண்டு பந்தைக் கையில் எடுத்தாய். பார்த்தாய், பார்த்துக்கொண்டே நின்றாய். நீ பேனையை மூடி மேசையில் வைத்தாய்.

"நான் எழுதேல்லை மாமா. இது அப்பா எழுதினது."

"எழுதினவன் போய்ச் சேந்திட்டான். இனி நீதானே எழுதவேணும்?"

"நான் எழுதினா அது என்ர கையெழுத்து."

"தகப்பன்ர பேர் மங்கிப்போகட்டும் எண்டுறியோ?"

"மங்கட்டும் மாமா. பொய்யாக் கிடக்கிறதைவிட மங்கிப்போறது பரவாயில்லை."

அந்த ஒரு சொல்லைத்தான் நீ சொல்லாமல் விட்டிருக்கவேண்டும் மகன். பொய் என்ற சொல். பேதுரு அண்ணைக்கு அது பட்டதைவிட, உனக்கு அடுத்ததாக நின்ற ரெஜினாவுக்குப் பட்டது. கடலுக்குப் போன புருசன் திரும்பி வராமல், அடக்கம் பண்ண உடம்பும் இல்லாமல், புளியங்கூடலில் தாய் வீட்டோடு இருந்துகொண்டு வருடம் தவறாமல் வந்து அந்தப் பந்தில் அவனுடைய கையெழுத்தின்மேல் எழுதிவிட்டுப் போகிறவள் அவள். கல்லறை இல்லாதவளுக்கு வேறு என்ன இருக்கிறது? அவள் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வாசற்படியில் குந்தி அழத் தொடங்கினாள். சனம் உன்னைத் தின்னுகிற மாதிரிப் பார்த்தது.

அந்த நேரம் நீ செய்ததையும் நான் பார்த்தேன். வேறு யாராவது என்றால் முகத்தைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான், அல்லது பயந்து பேனையைத் திரும்ப எடுத்திருப்பான். நீ ரெஜினாவுக்கு முன்னால் போய்க் குந்தினாய். "அன்ரி, நான் சொன்னது என்ர கையை. உங்கட கையை இல்லை. நீங்கள் எழுதுறது எழுதத்தான் வேணும்" என்றாய். அவள் தலையை ஆட்டினாள், எழுந்திருக்கவில்லை. நீ போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு வந்து, அது உருளாமல் இரண்டு கையாலும் அவளுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றாய். அவள் எழுதினாள். எழுதி முடியுமட்டும் நீ அசையவில்லை. என் பிள்ளை என்று எனக்கு அப்போது கத்தவேண்டும் போல இருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று சொல்லுவார்கள், சொல்லட்டும். ஆனால் அதற்குப் பிறகும் உன் அப்பாவின் கையெழுத்தை எழுதாமல்தான் வந்தாய், அது எனக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய புருசனுக்கு எழுத ஆள் இருக்கிறது, என் புருசனுக்கு இல்லையோ என்று மனது கிடந்து அடித்தது. மறுநாள் விடிய நீ ரயிலுக்குப் போகும்போது உன் பையில் கூழ் காய்ச்ச ஒடியல்மா வைத்துக் கட்டினேனே தவிர, ஒரு சொல் கதைக்கவில்லை. வவுனியாவிலிருந்து நீ கேட்டபோது நான் பதில் சொல்லாமல் வைத்ததும் அதனால்தான்.

போனை வைத்துவிட்டுச் சீலையை மாற்றிக்கொண்டு நேரே பேதுரு அண்ணையின் வீட்டுக்குப் போனேன். "அண்ணை, மண்டபத்துக் கதவுத் திறப்பைத் தாங்கோ. அவன் எழுதாட்டி நான் எழுதுறன். பெண்சாதி எழுதலாம்தானே?" என்று கேட்டேன். அவருக்குச் சந்தோசம். "அதுதான் சரி தங்கச்சி. நீர் எழுதினா ஒருத்தரும் ஒண்டும் கதையாயினம்" என்று மாக்கரையும் துணியையும் தானே எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். மண்டபத்தில் பந்து வைக்கிற அலுமாரியைத் திறந்து அதைத் தந்துவிட்டு, நான் தனியாக எழுதட்டும் என்று வாசலில் போய் நின்றார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யன்னலடியில் பந்தைத் திருப்பினேன். நீ சொன்னது சரி மகன். சுற்றிவர எல்லாம் தடித்த கறுப்பு எழுத்து. வாசிக்கலாம், ஆனால் ஒருவரையும் காணவில்லை. அதற்குள் இவருடையது மட்டும் பழைய எழுத்தை விட்டு விலகி, மெல்லிசாக, நடுங்கி நடுங்கிப் போகிறது. கடைசி எழுத்து முடிகிற இடத்தில் அந்த இழுப்பு. தையலைத் தாண்டி அடுத்த தோலில் ஏறிப்போய் நிற்கிறது. எல்லாரும் அதை ஏலாத கை என்று சொன்னார்கள், பின்னால் நின்று கேட்ட நானும் யோசிக்காமல் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். துடைக்கிறதற்காகத் துணியை எடுத்தேன். எவ்வளவு தூரம் துடைக்கவேண்டும் என்று பார்க்க, விரலை அவருடைய முதல் எழுத்தில் வைத்து அந்தக் கோட்டோடு கொண்டுபோனேன். விரல் தையலைத் தாண்டினபோது எனக்கு நினைவு வந்துவிட்டது.

போன பெருநாளன்று அவர் எழுதிக்கொண்டிருந்த நேரம் எழுதுகிறதை விட்டுவிட்டுத் திரும்பிப் பின்னால் பார்த்தார். பெண்களுக்குள் என்னைத் தேடினார். நான் வெட்கப்பட்டு, "எழுதுங்கோ, எழுதுங்கோ" என்று கையைக் காட்டினேன். பேனை பந்தில் வைத்தபடியே இருந்தது, அவர் திரும்பினபோது அதுவும் சேர்ந்து இழுபட்டது. வீட்டுக்கு வந்து நான், "என்னப்பா, பந்தைப் பழுதாக்கிப்போட்டியள், பராக்குப் பாத்துக்கொண்டு" என்று ஏசினேன். அவருக்கு அப்போது சொல் முழுதாக வராது. மெல்ல மெல்லச் சேர்த்துத்தான் சொன்னார்: "நீர் நிக்கிறீரோ எண்டு பாத்தனான்."

நான் அந்தப் பந்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன் மகன். அவர் செத்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை. பேதுரு அண்ணை உள்ளே வந்து, "எழுதினீரோ?" என்று கேட்டார். "இல்லை அண்ணை. எழுதேல்லை. இதை ஒருத்தரும் துடைக்கக்கூடாது" என்று சொல்லி, அந்த இழுப்பு எப்படி வந்தது என்று சொன்னேன். அவர் பந்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஓம்" என்றார், "திரும்பினவன்தான். பந்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது நான்தானே." அவரே அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

நீ கேட்டதற்கு இதுதான் என் பதில். பிழையில்லை, ராசா. நீ அன்றைக்கு அந்தத் துணியை வாங்கித் துடைத்திருந்தால், அவர் கடைசியாக என்னைத் திரும்பிப் பார்த்ததைத் துடைத்திருப்பாய்.

அம்மா